உழவர் நிதி யாருக்குப் போகிறது? பட்டியல் ஊரறியத் திறந்திருக்க வேண்டியதன் அவசியம்

புது தில்லி: பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தின் 21ஆவது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் நடைபெற்ற விழாவில் விடுவிக்கப்பட்டது. சுமார் 9 கோடி விவசாயிகளின் வங்கிக் கணக்குகளுக்கு 18,000 கோடி ரூபாய் சென்று சேர்ந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, பெரிய ஆரவாரம் ஏதுமின்றி மற்றொரு மாற்றமும் நடைமுறைக்கு வந்திருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கை செய்யப்பட்டன. அதனுடன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவைத் திருத்தும் ஏற்பாடும் அமலுக்கு வந்தது.

இவ்விரு நிகழ்வுகளும் தொடர்பற்றவை போலத் தோன்றலாம். ஆனால், பொதுப்பணத்திலிருந்து வழங்கப்படும் வேளாண் உதவி எவருடைய கைக்குச் செல்கிறது என்பதை அறியும் உரிமை பொதுமக்களுக்கு எந்த அளவுக்கு உண்டு என்ற கேள்வி இரண்டையும் இணைக்கிறது. கடந்த ஏழாண்டு அனுபவம் இக்கேள்விக்குச் சில தெளிவான பாடங்களை வழங்கியிருக்கிறது.

திட்டமும் பட்டியலும்

2019 பிப்ரவரி 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் இத்திட்டம் முறைப்படி தொடங்கப்பட்டது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தலா 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு, அதே ஆண்டில் நீக்கப்பட்டு அனைத்து நில உடைமையாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கணவன், மனைவி, வயது நிறைவடையாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம் என விதிகள் வரையறுக்கின்றன. 2025 நவம்பர் வரை 21 தவணைகளில் வழங்கப்பட்ட தொகை 4 லட்சம் கோடி ரூபாயைக் கடந்திருந்தது.

யாருக்கு இத்தொகை கிடையாது என்பதையும் விதிகள் விரிவாகக் கூறுகின்றன. நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலங்கள், அரசியல் சாசனப் பதவி வகித்தவர்கள், இந்நாள் மற்றும் முன்னாள் அமைச்சர்கள், நாடாளுமன்ற, சட்டப்பேரவை உறுப்பினர்கள், கடைநிலைப் பணியாளர்கள் நீங்கலான அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் பெறுவோர், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்கள், தொழில் நடத்தும் மருத்துவர்கள், வழக்குரைஞர்கள், பொறியாளர்கள், பட்டயக் கணக்காளர்கள் ஆகியோர் விலக்கப்பட்டவர்கள்.

வெளிப்படைத்தன்மைக்கும் தொடக்கத்திலேயே இடம் அளிக்கப்பட்டது. தகுதியுள்ள பயனாளிகளின் பட்டியல் கிராம அளவில் வெளியிடப்பட வேண்டும் என்றும், விடுபட்டவர்கள் முறையிட வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் திட்டத்தின் நடைமுறை வழிகாட்டி கூறுகிறது. திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தெரிவு செய்தால் அவ்வூர்ப் பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை எவரும் காணலாம். நாட்டின் பல நலத்திட்டங்களோடு ஒப்பிடுகையில் இது பாராட்டத்தக்க திறந்த நிலையாகும்.

ஆயினும் அப்பட்டியல் தருவது பெயரும் பாலினமும் போன்ற குறைந்த அளவு விவரமே. ஓர் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது இயல்பு. எந்த நிலத்தின் அடிப்படையில், எத்தனை தவணைகளாக, மொத்தம் எவ்வளவு தொகை பெறப்பட்டது என்பதைப் பெயர் வரிசையைக் கொண்டு மட்டும் அண்டை வீட்டார்கூட உறுதிசெய்ய இயலாது.

தவறு எங்கே நிகழ்ந்தது?

முதல் இரண்டு ஆண்டுகளில் இதன் விலை தெரியவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுப்பப்பட்ட கேள்விக்கு மத்திய வேளாண் அமைச்சகம் அளித்த பதில் 2021 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் சென்றிருந்ததை அப்பதில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில், அப்போதைய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் அளித்த பதிலில் இந்த எண்ணிக்கை 42 லட்சத்துக்கும் அதிகமாகவும், மீட்கப்பட வேண்டிய தொகை 2,992 கோடி ரூபாயாகவும் உயர்ந்திருந்தது. அசாமில் 8.35 லட்சம் பேரும், தமிழ்நாட்டில் 7.22 லட்சம் பேரும், பஞ்சாபில் 5.62 லட்சம் பேரும் தகுதியின்றிப் பணம் பெற்றவர்களாகக் கணக்கிடப்பட்டனர்.

தமிழ்நாட்டில் நடந்தது இத்தவறுகளின் தன்மையை விளக்கப் போதுமானது. விவசாயிகள் தாமே பதிவு செய்துகொள்ள வசதி அளிக்கப்பட்டபின், அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடைத்தரகர்களுக்கும் கணினி மையங்களுக்கும் கைமாறின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். சுமார் 5.5 லட்சம் பேர் முறைகேடாகச் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் வரை தவறாகச் சென்றதாகவும் 2020 செப்டம்பரில் மாநில வேளாண் துறை தெரிவித்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர். அலுவலர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். சிபிசிஐடி விசாரணை நடைபெற்றது.

இங்கு கவனிக்க வேண்டியது தொகையைவிட நேரத்தை. ஓர் ஊரின் பட்டியலில் சில மாதங்களுக்குள் பல மடங்கு பெயர்கள் பெருகியதை முதலில் உணரக்கூடியவர்கள் அவ்வூர்க்காரர்களே. பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டிருந்தால், ஊரில் இல்லாத பெயர்களும் நிலமில்லாதவர்களின் பெயர்களும் முதல் தவணையிலேயே கேள்விக்கு உள்ளாகியிருக்கும். தவறு தாமதமாகக் கண்டறியப்படும்போது பணம் செலவாகிவிட்டிருக்கும். இடைத்தரகர் தம் பங்கை எடுத்துக்கொண்டு விலகியிருப்பார். திருப்பிச் செலுத்துமாறு அறிவிக்கை பெறுபவர் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பார்.

மீட்புக் கணக்கும் இதையே உணர்த்துகிறது. தகுதியற்றவர்களிடமிருந்து நாடு முழுவதும் 416 கோடி ரூபாய் மீட்கப்பட்டதாக 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. 2021இல் குறிப்பிடப்பட்ட 2,992 கோடி ரூபாயோடு ஒப்பிட்டால் இது ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வாசலில் தடுப்பதைக் காட்டிலும் துரத்திப் பிடிப்பது கடினம் என்பதை இந்த எண்களே கூறுகின்றன.

இரு வகைப் பிழை, இரு வகைத் தீர்வு

2021இல் வெளியான தகவலில் அதிகம் பேசப்படாத ஒரு பகுப்பு உண்டு. தகுதியற்றவர்களாகக் கண்டறியப்பட்டவர்களில் 55.58 சதவீதத்தினர் வருமான வரி செலுத்துவோர், எஞ்சிய 44.41 சதவீதத்தினர் பிற தகுதி விதிகளை நிறைவு செய்யாதவர்கள்.

இந்தப் பகுப்பு முக்கியமானது. ஒருவர் வருமான வரி செலுத்துகிறாரா என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிய வேண்டிய செய்தியன்று, தெரியவும் வாய்ப்பில்லை. வரித் துறையின் தரவோடு பயனாளிப் பட்டியலை ஒப்பிட்டு அரசே கண்டறிய வேண்டிய பிழை அது. பின்னாளில் அவ்வாறே செய்யப்பட்டது. ஆதார் இணைப்பு, வாடிக்கையாளரை அறியும் மின்னணு நடைமுறை, நில ஆவணங்களோடு இணைத்தல் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி இருவரும் பெறுவது, 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்குப் பின் நிலம் பெற்றவர்கள் சேர்ந்திருப்பது போன்ற ஐயத்துக்குரிய பதிவுகள் நேரடிச் சரிபார்ப்புக்கு அனுப்பப்பட்டுள்ளன.

ஆனால், இரண்டாவது வகைப் பிழை கணினிக்கு எளிதில் புலப்படாது. இறந்தவர் பெயரில் தொடரும் தவணை, விற்கப்பட்டும் பட்டா மாறாத நிலம், ஊரைவிட்டு வெளியேறிய குடும்பம், நிலமே இல்லாதவருக்குத் தயாரிக்கப்பட்ட போலிப் பதிவு ஆகியவற்றை ஊர் அறியும், தரவுத்தளம் அறியாது. முதல் வகைக்குத் தரவு ஒப்பீடும், இரண்டாம் வகைக்கு ஊரறியப் பட்டியலும் தேவை. அரசின் முயற்சி இதுவரை முதல் வகையிலேயே குவிந்திருக்கிறது.

விடுபட்டவர்களின் கதை

வெளிப்படைத்தன்மை என்றதும் முறைகேடாகப் பெற்றவர்களைப் பிடிப்பதையே பலரும் எண்ணுகின்றனர். தகுதியிருந்தும் பெறாதவர்களுக்கும் அது அதே அளவு தேவைப்படுகிறது.

2022 மே மாதம் வழங்கப்பட்ட 11ஆவது தவணை 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சென்றதாக அரசு அறிவித்தது. நில ஆவண இணைப்பு கட்டாயமான பின், அதே ஆண்டு அக்டோபரில் விடுவிக்கப்பட்ட 12ஆவது தவணையின் மொத்தத் தொகை 16,000 கோடி ரூபாய். தலா 2,000 ரூபாய் என்று கணக்கிட்டால் சுமார் 8 கோடிப் பேர். ஐந்து மாதங்களில் ஏற்பட்ட இந்தச் சரிவில் தகுதியற்றவர்கள் எத்தனை பேர், ஆவணம் சரியாக இல்லாத உண்மையான விவசாயிகள் எத்தனை பேர்?

இதற்கான விடையின் ஒரு பகுதி பின்னர் கிடைத்தது. 2023 நவம்பர் 15 முதல் நடத்தப்பட்ட விகசித் பாரத் சங்கல்ப் யாத்திரையின்போது தகுதியுள்ள ஒரு கோடிக்கும் அதிகமான விவசாயிகள் திட்டத்தில் சேர்க்கப்பட்டதாக அரசே தெரிவித்தது. 2025 பிப்ரவரியில் பீகாரின் பாகல்பூரில் விடுவிக்கப்பட்ட 19ஆவது தவணை 9.8 கோடிப் பேரை எட்டியது. அதாவது, தகுதியுள்ளவர்கள் கோடிக்கணக்கில் வெளியே நின்றிருந்தனர் என்பதை அரசின் எண்களே ஒப்புக்கொள்கின்றன. பட்டா தந்தை பெயரிலேயே இருப்பது, பெயரின் எழுத்து ஆதாரோடு பொருந்தாமை, கைரேகை பதியாமை, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாமை ஆகியவை ஒரு குடும்பம் தவணையை இழக்கப் போதுமான காரணங்களாகின்றன.

தம் பதிவு எண்ணைக் கொண்டு ஒரு விவசாயி தம் நிலையை இணையதளத்தில் அறியலாம். ஆயினும் பயனாளிப் பட்டியல் என்பது இருப்பவர்களின் பட்டியல்; நீக்கப்பட்டவர்கள் அதிலிருந்து ஓசையின்றி மறைந்துவிடுகின்றனர். பெயர் ஏன் நீக்கப்பட்டது, யார் நீக்கியது, எங்கு முறையிடுவது என்பவை ஊரறிய அறிவிக்கப்பட்டால், தனியாளாக அலுவலகம்தோறும் அலைபவருக்கு ஊரின் சாட்சியம் துணையாகும்.

நில ஆவணத்தில் பெயர் இல்லாத குத்தகை விவசாயிகள் இத்திட்டத்துக்கு வெளியிலேயே உள்ளனர். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி உடைமைகளில் பெண்கள் நிர்வகிப்பவை 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒடிசாவின் காலியா திட்டமும் ஆந்திரத்தின் ரைத்து பரோசா திட்டமும் குத்தகைதாரர்களுக்கு இடமளிக்க முற்பட்டன. உழுபவர் யார், உடைமையாளர் யார் என்ற வேறுபாட்டை ஆவணங்கள் மறைக்கும்போது, வெளிப்படையான பட்டியல் அந்த வேறுபாட்டையும் வெளிக்கொணரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்கள் செயல்படுத்தப்படும் முறை, ஒதுக்கப்பட்ட தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை எவரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று 4ஆவது பிரிவில் பணிக்கிறது. இந்தக் கடமை இன்றும் சட்டத்தில் நீடிக்கிறது.

மாறியிருப்பது 8ஆவது பிரிவின் ஓர் உட்பிரிவு. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடாக அமையும் தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்க முடியும். பரந்த பொதுநலன் இருந்தால் அதையும் வழங்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற விதியும் உடனிருந்தது. திருத்தத்துக்குப் பின், தனிப்பட்ட தகவல் என்ற ஒரே காரணமே மறுப்புக்குப் போதுமானதாகியுள்ளது.

எதிர்க்கட்சிகளும் தகவல் உரிமை ஆர்வலர்களும் இத்திருத்தத்தைக் கடுமையாக எதிர்க்கின்றனர். மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், 2025 ஏப்ரலில் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான ஜெய்ராம் ரமேஷுக்கு எழுதிய கடிதத்தில், பிற சட்டங்களின்கீழ் வெளியிடப்பட வேண்டிய தனிப்பட்ட தகவல்கள் தொடர்ந்து வெளியிடப்படும் என்று விளக்கமளித்தார். பொதுநலன் மேலோங்கினால் தகவல் வழங்கலாம் என்ற பொது விதியும் சட்டத்தில் தொடர்வது உண்மையே.

ஆனால், நடைமுறையில் முடிவெடுப்பவர் வட்டார அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பொதுத் தகவல் அலுவலர். பயனாளியின் பெயர் தனிப்பட்ட தகவலே. 4ஆவது பிரிவு வெளியிடச் சொல்கிறது. 8ஆவது பிரிவு மறுக்க இடமளிக்கிறது. தகவலை வழங்கினால் தரவுச் சட்டத்தை மீறிவிடுவோமோ என்ற அச்சம் உள்ள அலுவலர், மறுப்பதையே பாதுகாப்பான வழியாகக் கருத வாய்ப்புண்டு. மானியப் பட்டியல்கள் 4ஆவது பிரிவின்கீழ் வருபவை, அவற்றுக்கு இந்த மறுப்பு பொருந்தாது என்று மத்திய, மாநில அரசுகள் எழுத்துமூலம் தெளிவுபடுத்தினால் இந்த ஐயம் நீங்கும்.

அந்தரங்கமும் அற்பமானதல்ல

பட்டியல் திறந்திருக்க வேண்டும் என்பதால் அனைத்தும் திறந்திருக்க வேண்டும் என்றாகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துள்ளது. இத்திட்டத்தின் இணையதளத்தில் இருந்த பாதுகாப்புக் குறைபாட்டால் விவசாயிகளின் ஆதார் எண்கள் வெளியே தெரியும் நிலை இருந்ததாக 2022இல் செய்திகள் வெளியாயின. பின்னர் அது சரிசெய்யப்பட்டது. ஆதார் எண், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை மோசடிக்காரர்களின் கையில் கிடைத்தால் இழப்பு விவசாயிக்கே.

இதே இழுபறியை ஐரோப்பிய ஒன்றியம் முன்பே சந்தித்துள்ளது. பொது வேளாண் கொள்கையின்கீழ் மானியம் பெறுவோரின் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை இணையத்தில் வெளியிட 2008இல் அங்கு விதி வகுக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹெசன் மாநில விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 நவம்பரில் அவ்விதியைத் தனிநபர்களைப் பொறுத்தவரை செல்லாது என்று அறிவித்தது. தொகையின் அளவு, காலம், தன்மை என எவ்வித வேறுபாடும் இன்றி அனைவரின் விவரத்தையும் ஒரேபோல வெளியிடுவது அளவுக்கு மீறியது என்பது அதன் காரணம்.

ஒன்றியம் அத்துடன் பட்டியலை மூடிவிடவில்லை. 2013இல் புதிய விதி கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு 1,250 யூரோவைத் தாண்டாத மிகச் சிறு தொகை பெறும் விவசாயிகளின் பெயர் மறைக்கப்பட்டது. அதற்கு மேல் பெறுவோரின் பெயரும் தொகையும் வெளியிடப்பட்டன. பெரிய தொகைக்குப் பெரிய வெளிச்சம், சிறிய தொகைக்குக் கூடுதல் மறைப்பு என்ற அளவுகோல் அங்கு உருவானது.

இந்தியாவில் அந்த அளவுகோலை அப்படியே பின்பற்ற இயலாது. இங்கு அனைவருக்கும் ஒரே 6,000 ரூபாய். முறைகேடு நிகழ்வது தொகையின் பெருக்கத்தில் அல்லாமல் பெயர்களின் பெருக்கத்தில். ஆகவே பெயரை மறைத்தால் சரிபார்ப்பே இல்லாமற்போகும். அதற்குப் பதிலாக, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், பெற்ற தவணைகள், மொத்தத் தொகை ஆகியவற்றை வெளியிட்டு, ஆதார், வங்கி, கைப்பேசி விவரங்களை முற்றிலும் மறைப்பதே பொருத்தமான எல்லையாக இருக்கும்.

நம் நாட்டிலேயே உள்ள முன்மாதிரி

இதற்கான முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகள் ஊரார் முன் வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊராரே சுட்டிக்காட்டினர். நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட இயக்கங்களில் அது முதன்மையானது. பின்னர் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டக் கடமையாக்கியது. தொழிலாளரின் பெயர், வேலை நாள், கூலி ஆகியவை இணையத்தில் எவரும் காணும் வகையில் வைக்கப்பட்டன. 2019இல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய ஜன் சூச்னா இணையதளம் பல நலத்திட்டங்களின் பயனாளி விவரங்களை ஒரே இடத்தில் தந்தது.

கூலி பெறும் தொழிலாளியின் ஒவ்வொரு நாள் ஊதியமும் பொதுவெளியில் இருக்கலாம் என்றால், நில உடைமையாளர் பெறும் உதவித்தொகைக்கு அதைவிடக் குறைந்த வெளிச்சம் போதும் என்று வாதிடுவது கடினம்.

பெரிய மானியம், மங்கிய வெளிச்சம்

இன்னொரு கோணமும் உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கிசான் சம்மான் நிதிக்கு 63,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. உர மானியத்துக்கான ஒதுக்கீடு சுமார் 1.68 லட்சம் கோடி ரூபாய். அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். இத்தொகை விவசாயியின் கணக்குக்கு வருவதில்லை. சில்லறைக் கடையின் விற்பனை முனையக் கருவியில் உரம் விற்பனையானதாகப் பதிவான பின், அது உர நிறுவனங்களுக்கு வழங்கப்படுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை வரிகள் நீங்கலாக 242 ரூபாய்க்குக் கிடைப்பது இதனால்தான்.

2018 முதல் ஆதார் வழியிலான இந்த விற்பனைப் பதிவு நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. எனினும் நில அளவோடு கொள்முதல் பிணைக்கப்படவில்லை. மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதும், பருவகாலத்தில் கடைகளில் விவசாயிகள் வரிசையில் காத்திருப்பதும் செய்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஊருக்கு எவ்வளவு உரம் வந்தது, எந்தக் கடையில் எவ்வளவு விற்கப்பட்டது, அதற்காக எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு மானியம் சென்றது என்பதை விவசாயி புரிந்துகொள்ளும் வடிவில் ஊர் வாரியாக வைத்தால், கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை பெருகும். 2,000 ரூபாய் பெறுபவரின் பெயரைத் திறந்து வைக்கும் அரசு, ஆயிரம் கோடிகளாகப் பெறும் நிறுவனங்களின் கணக்கைக் கூடுதல் தெளிவோடு வைப்பதே நியாயம்.

அடுத்து என்ன?

2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற 2,817 கோடி ரூபாய் மதிப்பிலான டிஜிட்டல் வேளாண் இயக்கத்தின்கீழ், 11 கோடி விவசாயிகளுக்குத் தனித்த அடையாள எண் வழங்க இலக்கு வைக்கப்பட்டுள்ளது. நிலம், பயிர், காப்பீடு, கடன், உதவித்தொகை என அனைத்தும் அந்த எண்ணில் ஒருங்கிணையும்போது, அரசுக்கு விவசாயியைப் பற்றித் தெரிவது பன்மடங்கு கூடும். அரசைப் பற்றி விவசாயிக்குத் தெரிவதும் அதே விகிதத்தில் கூடுமா என்பதே இனி எழும் கேள்வி.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் சேர்க்கப்பட்டவர்கள், நீடிப்பவர்கள், நீக்கப்பட்டவர்கள் என மூன்று பட்டியல்கள், நீக்கத்துக்கான காரணத்துடன், அவ்வட்டார மொழியில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராம சபையில் அவை வாசிக்கப்பட்டு, எழும் ஆட்சேபங்களுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் பதிலளிக்கப்படலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. கிராம அளவில் பட்டியலை வெளியிடச் சொல்லும் வழிகாட்டியும், கேளாமலே வெளியிடச் சொல்லும் சட்டப் பிரிவும் ஏற்கெனவே உள்ளன.

அடுத்த தவணை விடுவிக்கப்படும் நாளிலும் மொத்தத் தொகையும் பயனாளிகளின் எண்ணிக்கையும் தலைப்புச் செய்தியாகும். அந்த எண்ணிக்கைக்குள் தம் பெயர் உண்டா, இல்லையெனில் ஏன் இல்லை என்பதை ஒரு குறு விவசாயி தம் ஊரிலேயே அறிந்துகொள்ள முடிகிறதா என்பதைக் கொண்டே இத்திட்டத்தின் நேர்மை அளக்கப்படும்.